அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் வீடு, பள்ளிக்கூடம், காப்பீடு பற்றியெல்லாம் விசாரித்து முடித்ததும் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றித்தான். ஊரிலிருக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இங்கே வசிப்பவன், இந்த விவாதத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன், வழக்கறிஞன் அல்லன். சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. எதையும் செய்வதற்கு முன் உங்கள் மாநில அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறைத்து எடுத்துச் செல்வது என்றால் சரியாக என்ன?

குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியைச் சட்டைக்கு அடியிலோ கோட்டுக்குள்ளோ கைப்பையிலோ பிறர் கண்ணில் படாதபடி வைத்துக்கொண்டு பொது இடத்தில் நடமாடுவது. இடுப்பில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு போவது வேறு. அதற்கான சட்டமும் வேறு. வீட்டுக்குள் வைத்திருப்பது இன்னொன்று. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வீண் சண்டை நிறைய நடக்கிறது.

இது உண்மையிலேயே அரசியல் சட்ட உரிமையா?

ஆம். ஆனால் நீதிமன்றம் அதை இவ்வளவு திட்டவட்டமாகச் சொன்னது அண்மைக் காலத்தில்தான்.

1791இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படை தேவை என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையை மீறக் கூடாது என்று முடிகிறது. முன்பாதி படையைப் பற்றியது, பின்பாதி மக்களைப் பற்றியது. எந்தப் பாதிக்கு எடை அதிகம் என்பதில்தான் இத்தனை ஆண்டுகால வழக்கும் வாதமும்.

2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் பின்பாதியின் பக்கம் சாய்ந்தது. வாஷிங்டன் நகரம் 1976 முதல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்திருந்தது. அந்தத் தடை செல்லாது, வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார். அதே தீர்ப்பில், இந்த உரிமைக்கு எல்லை உண்டு, கடுங்குற்றவாளிகள் மீதான தடையையும் பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் உள்ள தடையையும் இது தொடாது என்றும் எழுதினார். துப்பாக்கி ஆதரவாளர்கள் முதல் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள், எதிர்ப்பாளர்கள் இரண்டாவதை. தீர்ப்பில் இரண்டும் இருக்கின்றன.

2010இல் மெக்டொனால்டு வழக்கு இந்த உரிமையை மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் விரித்தது. வீட்டு வாசலைத் தாண்டியது 2022 ஜூனில் வந்த புரூயன் தீர்ப்பு. நியூயார்க்கில் உரிமம் வேண்டுமென்றால் மற்றவர்களுக்கு இல்லாத தனிக் காரணம் ஒன்று உங்களுக்கு இருப்பதை அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டும் என்ற விதி நூறாண்டுக்கு மேலாக இருந்தது. 6-3 என்ற கணக்கில் அது விழுந்தது. கலிபோர்னியா, நியூஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகிய மாநிலங்களின் இதே போன்ற விதிகளும் கூடவே விழுந்தன. நீதிபதி தாமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு புதிய அளவுகோல் ஒன்றையும் வைத்தது: இன்றைய துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு இணையான ஒன்றை அரசு காட்ட வேண்டும். அன்று முதல் கீழமை நீதிமன்றங்கள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கின்றன.

2024இல் ரஹிமி வழக்கில் நீதிமன்றம் சற்று நிதானித்தது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றம் தடையாணை விதித்த ஒருவர், பிறரின் உடலுக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றமே கண்டறிந்திருந்தால், அவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று 8-1 கணக்கில் தீர்ப்பு வந்தது. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி புரூயனை எழுதிய தாமஸ்.

பழைய காலத்தில் எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடுதானே திரிந்தார்கள்?

கௌபாய் படங்கள் நம் மனத்தில் பதியவைத்த காட்சி இது. வரலாறு அவ்வளவு நேரானது அல்ல.

ஆயுதத்தை மறைத்துக் கொண்டுபோவதைத் தடை செய்த முதல் மாநிலங்கள் கென்டக்கியும் லூசியானாவும், ஆண்டு 1813. இரண்டுமே தென் பகுதி மாநிலங்கள். வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வருபவன் நேர்மையானவன், ஒளித்து வைப்பவன் கெட்ட எண்ணத்தோடு வருபவன் என்பது அன்றைய பார்வை. இன்று நேர்மாறு: வெளியே தெரியும் துப்பாக்கிதான் மக்களை மிரளவைக்கிறது. இன்று துப்பாக்கிக்குப் பெயர்போன டெக்சாஸே 1871இல் கைத்துப்பாக்கி ஏந்தித் திரிவதைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகருக்குள் ஆயுதம் ஏந்தி வரக் கூடாது என்ற உத்தரவு 1881இல் இருந்தது. புகழ்பெற்ற ஓ.கே. காரல் துப்பாக்கிச் சண்டை அந்த உத்தரவை அமல்படுத்தப் போன இடத்தில்தான் வெடித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைத் துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1956 ஜனவரியில் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. வீட்டுக்குள் அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதன் பிறகு அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். உள்ளூர் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான விண்ணப்பதாரர் நாட்டில் யார் இருந்திருக்க முடியும்? உரிமம் தருவதும் மறுப்பதும் ஓர் அதிகாரியின் விருப்பத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1967இல் கலிபோர்னியாவில் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கிகளை ஏந்தி சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதைத் தடுக்கும் முல்ஃபோர்டு சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்டு ரீகன். தேசியத் துப்பாக்கிச் சங்கம் அதை ஆதரித்தது. புரூயன் வழக்கில், நியூயார்க்கில் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பினப் பொது வழக்கறிஞர்கள், வழக்குத் தொடுத்த துப்பாக்கிச் சங்கத்தின் பக்கம் நின்று மனுத்தாக்கல் செய்ததற்குப் பின்னால் இந்த வரலாறுதான் இருக்கிறது. உரிமம் இல்லாத துப்பாக்கிக்காக அந்நகரில் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் கட்சிக்காரர்களான கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும்தான் என்பது அவர்கள் வாதம்.

இன்று உரிமம் வாங்கியே தீர வேண்டுமா?

29 மாநிலங்களில் தேவையில்லை. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, ஒஹையோ, அரிசோனா எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி இருந்தாலே போதும்.

இந்த நிலை ஓரிரவில் வரவில்லை. தகுதி உள்ளவருக்கு உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஃபுளோரிடா 1987இல் சட்டம் இயற்றியது. அதன் பிறகு மாநிலம் மாநிலமாக அது பரவியது. டெக்சாஸை மாற்றியது ஒரு மதிய உணவு வேளை. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் லூபிஸ் உணவகத்தின் கண்ணாடிச் சுவரை இடித்துக்கொண்டு ஒருவன் பிக்கப் வண்டியை உள்ளே ஏற்றினான். இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள். அன்று தன் பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசானா ஹப். அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது, ஆனால் சட்டத்துக்குப் பயந்து அதை வெளியே காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். துப்பாக்கிக்காரனைப் பிடிக்கப் பாய்ந்த தந்தை சுடப்பட்டார். சுசானா சன்னல் வழியே தப்பினார். தாய் பின்னாலேயே வருகிறார் என்று நினைத்தார்; தாயோ விழுந்து கிடந்த கணவரை விட்டு நகரவில்லை, அங்கேயே கொல்லப்பட்டார். சுசானா பின்பு மாநிலம் மாநிலமாகப் போய்ச் சாட்சி சொன்னார், டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995இல் ஆளுநர் ஜார்ஜ் புஷ் உரிமச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2021 செப்டம்பர் முதல் அந்த உரிமமும் கட்டாயமில்லை.

இருந்தும் டெக்சாஸில் நிறையப் பேர் உரிமம் எடுக்கிறார்கள், அது நல்ல யோசனையும்கூட. கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு போகக் கூடாது. அந்த மாநிலம் தந்த உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. உரிமமே இல்லாமல் இடுப்பில் துப்பாக்கியோடு பள்ளியைத் தாண்டிக் காரோட்டிச் செல்பவர், சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், சிக்கலில் இருக்கிறார். வேறு மாநிலத்துக்குப் போகும்போதும் உரிமம் கைகொடுக்கும்.

டெக்சாஸ் உரிமத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையிடம் விண்ணப்பம், விரல்ரேகை, 40 டாலர் கட்டணம், 4 முதல் 6 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு. வயது வரம்பும் உண்டு.

சுடும் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனித உருவம் அச்சிட்ட காகிதத்தின் முன் நின்று 50 தோட்டாக்கள் சுட வேண்டும். முதல் 20 தோட்டாக்கள் 3 கஜத் தொலைவிலிருந்து. மூன்று கஜம் என்றால் சாப்பாட்டு மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடுத்த 20 தோட்டாக்கள் 7 கஜத்திலிருந்து, கடைசிப் பத்து 15 கஜத்திலிருந்து. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. காகிதம் அசையாது. திருப்பிச் சுடாது. பின்னால் குழந்தைகள் ஓட மாட்டார்கள். உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் பயிற்சிகூட இதில் கிடையாது. இந்தத் தேர்வே போதாது என்று சொல்லும் பயிற்சியாளர்கள் டெக்சாஸிலேயே பலர் இருக்கிறார்கள். அதுவும் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது.

நியூயார்க் எதிர்த் திசையில் போயிருக்கிறது. புரூயன் தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே இயற்றிய சட்டத்தில் 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியையும் கட்டாயமாக்கியது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

கூடாது. தற்காலிக விசாவில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். உரிமம் தேவையில்லாத மாநிலத்தில் வசிக்கிறேன் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

விலக்குகள் சில உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருப்பது, ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் தடை நீங்கும் என்பது. அது உண்மைதான். ஆனால் மாநிலச் சட்டங்கள் தனியாக இருக்கின்றன, அதனால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். அலுவலக நண்பர் சனிக்கிழமை சுடும் களத்துக்கு அழைத்துப் போய்த் தன் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால், அந்தச் சில நிமிடங்களும் சட்டத்தின் பார்வையில் வைத்திருந்ததாகவே கொள்ளப்படலாம். சிரித்தபடி நின்று எடுத்த புகைப்படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுவது சாட்சியத்தைத் தானே எழுதிக் கொடுப்பது.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்துவதற்கு அதுவே ஒரு காரணம். குடிமகன் அபராதத்தோடு தப்பிக்கக்கூடிய தவறுக்குக் கிரீன் கார்டு உள்ளவர் இங்கே கட்டிய வாழ்க்கையையே இழக்க நேரிடும்.

கஞ்சா பற்றியும் கேட்கிறார்கள். மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளது. அந்தத் தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஒரு மாநில உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்லுமா?

செல்லாது. ஓட்டுநர் உரிமம் போல என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

2013இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய் பாலத்தைக் கடந்து நியூஜெர்சிக்குள் காரில் போனார். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியதும் தன்னிடம் துப்பாக்கி இருப்பதையும் உரிமம் இருப்பதையும் தானாகவே சொன்னார். கைது செய்தார்கள். பென்சில்வேனிய உரிமத்தை நியூஜெர்சி ஏற்பதில்லை. மூன்றரை ஆண்டுக் கட்டாயச் சிறை அவர் தலைக்கு மேல் தொங்கியது. ஊடகங்களில் செய்தி பெரிதான பிறகு வழக்கு வேறு வழியில் முடித்துவைக்கப்பட்டது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். எல்லா மாநிலங்களும் ஒன்றையொன்று ஏற்க வேண்டும் என்ற மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2017 டிசம்பரில் நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. மாநில எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

கூட்டாட்சி அரசுக் கட்டடங்கள், நீதிமன்றங்கள், விமான நிலையத்தின் சோதனைக்கு உட்பட்ட பகுதி, பெரும்பாலான பள்ளிகள். தேசியப் பூங்காக்களில் 2010 முதல் மாநிலச் சட்டம்தான். ஆனால் பூங்காவின் பார்வையாளர் மையம் போன்ற கட்டடங்களுக்குள் கூடாது.

டெக்சாஸில் கடை வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல எழுத்தில் நீண்ட அறிவிப்புப் பலகை இருக்கும். 30.05, 30.06, 30.07 என்ற சட்டப் பிரிவு எண்கள் அதில் இருக்கும். முதலாவது உரிமம் இல்லாதவருக்கு, இரண்டாவது உரிமத்தோடு மறைத்து வைத்திருப்பவருக்கு, மூன்றாவது உரிமத்தோடு வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. கோயில், தேவாலயம், மசூதி நிர்வாகங்களும் இதை வைக்கலாம். உட்கார்ந்து மது அருந்தும் கூடத்தில் சிவப்பு எழுத்தில் 51% என்று இருந்தால் உரிமம் இருந்தாலும் உள்ளே துப்பாக்கி கூடாது. ஹவாய் வேறு வழியில் போய், உரிமையாளர் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழியத் தனியார் இடங்களுக்குள் துப்பாக்கி கூடாது என்றது. அந்த வழக்கையும் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது.

காவலர் காரை நிறுத்தினால் என்ன செய்வது?

இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் அவர் பார்க்கும்படி வையுங்கள். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் துப்பாக்கி இருப்பதை நீங்களே உடனே சொல்லியாக வேண்டும். பிற மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். எங்கே இருந்தாலும் பொய் சொல்லாதீர்கள், துப்பாக்கி இருக்கும் பக்கம் கையை நீட்டாதீர்கள். காப்பீட்டு அட்டையைத் துப்பாக்கி இருக்கும் இடத்திலேயே வைக்காதீர்கள்.

இவ்வளவையும் எழுதும்போது ஃபிலாண்டோ காஸ்டீல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 2016 ஜூலை 6, மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ். அவர் பள்ளி உணவகத்தில் மேற்பார்வையாளர், உரிமம் பெற்றவர், கறுப்பினத்தவர். காரில் காதலியும் அவளுடைய நான்கு வயது மகளும் இருந்தார்கள். காவலர் ஓட்டுநர் உரிமம் கேட்டதும் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையோடு சொன்னார். அதை எடுக்காதே என்றார் காவலர். எடுக்கவில்லை என்றார் இவர். அடுத்த சில நொடிகளில் ஏழு குண்டுகள். பேச்சு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. 2017 ஜூனில் அந்தக் காவலரை ஜூரி விடுவித்தது. உரிமம் பெற்றவர்களுக்காகப் பேசும் அமைப்புகள் அன்று உரக்கக் குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. உரிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்பவர்கள் இந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள். எனக்கும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

எப்போது சுடலாம்?

உங்களுக்கோ பிறருக்கோ அப்போதே உயிர் போகும் அல்லது படுகாயம் ஏற்படும் என்று நியாயமான ஒருவர் நம்பக்கூடிய சூழலில். வாய்ச்சண்டை, வாகன நிறுத்தத் தகராறு, சாலையில் ஏற்பட்ட கோபம் எதுவும் இதில் சேராது.

விலகிப் போக வழி இருந்தால் விலக வேண்டுமா என்பதில் மாநிலங்கள் பிரிகின்றன. நியூயார்க்கில், வீட்டுக்கு வெளியே, பாதுகாப்பாக விலக முடிந்தால் விலகியாக வேண்டும். ஃபுளோரிடா 2005இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. டெக்சாஸில் இரவு நேரத் திருட்டைத் தடுக்கவும் சில சூழல்களில் உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இடம் தருகிறது என்பதற்காக ஒரு மடிக்கணினிக்காக மனித உயிரை எடுப்பதை என்னால் ஏற்க முடியாது. சுட்டவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகும்வரை வழக்கறிஞர் செலவு, வேலை இழப்பு, உறக்கமில்லாத இரவுகள் எல்லாம் அவருடையவை.

துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவர் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறாரா?

சில சமயம், ஆம். இல்லவே இல்லை என்பவர்கள் செய்திகளைப் படிப்பதில்லை. 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் ஒருவன் சுடத் தொடங்கியதும் அங்கிருந்த 22 வயது இளைஞர் தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சில நொடிகளில் வீழ்த்தினார். உரிமம் தேவையில்லை என்ற சட்டம் அந்த மாநிலத்தில் அமலாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சில நொடிகளுக்குள் மூவர் இறந்திருந்தார்கள்; அந்த இளைஞர் இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. 2019 டிசம்பரில் டெக்சாஸ் வைட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் சுடத் தொடங்கிய ஒருவனைத் தன்னார்வப் பாதுகாவலர் ஒருவர் ஆறு நொடிகளில் வீழ்த்தினார். அவர் துப்பாக்கிப் பயிற்சி தருபவர்.

மறுபக்கம் இவை. 2021இல் கொலராடோவின் ஆர்வாடாவில், காவலர் ஒருவரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்திய ஒருவர் கீழே கிடந்த அவனுடைய துப்பாக்கியை எடுத்தார். அங்கே வந்து சேர்ந்த காவலர் இவரையே கொலையாளி என்று எண்ணிச் சுட்டுவிட்டார். 2011இல் டூசனில் நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டபோது, பக்கத்துக் கடையிலிருந்து ஓடிவந்த ஓர் இளைஞரின் மேலங்கிப் பையில் துப்பாக்கி இருந்தது, கை அதன் மேல் இருந்தது. எதிரே ஒருவர் கையில் துப்பாக்கியோடு நின்றார். இளைஞர் துப்பாக்கியை உருவவில்லை. பாய்ந்து எதிரே நின்றவரின் மணிக்கட்டைப் பிடித்தார். எதிரே நின்றவரோ கொலையாளியிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர். ஒரு நொடி அவசரப்பட்டிருந்தால் காப்பாற்றியவர் செத்திருப்பார். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டே பள்ளியில் ஒருவன் சுடத் தொடங்கியபோது, பயிற்சி பெற்ற காவலர்கள் 376 பேர் திரண்டும், வகுப்பறைக் கதவைத் தாண்ட 77 நிமிடம் ஆயிற்று. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

துப்பாக்கி ஆதரவாளர்கள் இதே யுவால்டேவைத் தங்கள் வாதத்துக்கும் காட்டுவார்கள்: அரசை நம்பி இருக்க முடியாது என்பதற்கு. 2005இல் கொலராடோவின் காஸில் ராக் வழக்கில், தடையாணையைக் காவல்துறை அமல்படுத்தியே தீர வேண்டும் என்று கேட்கத் தனிநபருக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தடையாணை பெற்ற தாயின் மூன்று மகள்களையும் அவருடைய கணவன் கொன்றிருந்தான். துப்பாக்கி ஆதரவாளர்களின் வாதத்தில் இருக்கும் அச்சம் பொய்யானது அல்ல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1990களின் இறுதியில் பொருளியலாளர் ஜான் லாட், உரிமம் எளிதானால் குற்றம் குறைகிறது என்று வாதிட்டார். 2004இல் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு அந்தத் தரவுகளை அலசி, குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ சொல்லச் சான்று போதாது என்றது. ஜான் டொனஹியூவும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இச்சட்டம் வந்து பத்தாண்டில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் அதிகமாக இருந்ததாகக் கணக்கிட்டது. தற்காப்புக்காகத் துப்பாக்கி ஆண்டுக்கு எத்தனை முறை பயன்படுகிறது என்பதிலோ ஒரு கணக்கு இருபது லட்சத்துக்கு மேல் என்கிறது, அரசின் குற்ற ஆய்வுக் கணக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே வருகிறது.

இத்தனைக்கும் நடுவில் இரண்டு விஷயங்களை நான் நம்புகிறேன். உரிமம் பெற்றவர்கள் குற்றம் செய்யும் விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு. டெக்சாஸ் அரசின் ஆண்டறிக்கைகள் இதைக் காட்டுகின்றன. அதே நேரம், மாநிலம் முழுவதும் பார்க்கும்போது எளிதான அனுமதி வன்முறையைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது என்ற பக்கம் புதிய சான்றுகள் சாய்கின்றன. காரில் விட்டுச் செல்லும் துப்பாக்கிகள் திருடுபோவது இதற்கு ஒரு காரணம். முன்னதும் பின்னதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

அப்படியானால் மிகப் பெரிய ஆபத்து எது?

தெருவில் வரும் அந்நியன் அல்ல. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் ஏறத்தாழ 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்.

கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் மற்ற ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களிடம் அது முப்பத்தைந்து மடங்கு. வேறு வழிகளில் முயல்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, மீண்டு, நெடுங்காலம் வாழ்கிறார்கள். துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை. வேலை போன துயரம், விசா நெருக்கடி, மணமுறிவு, குளிர்காலத் தனிமை என்று நம் சமூகத்திலும் இருண்ட காலங்கள் வருகின்றன. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் துப்பாக்கியை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். நம்பகமான நண்பரிடமோ, பாதுகாத்துத் தரும் துப்பாக்கிக் கடையிடமோ தற்காலிகமாக ஒப்படைக்க உங்கள் மாநிலத்தில் வழி உண்டா என்று கேளுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால், மன உதவி தேவைப்பட்டால், அமெரிக்காவில் எந்த நேரத்திலும் 988 என்ற எண்ணை அழைக்கலாம். இந்தியாவில் 14416.

உங்கள் நிலைப்பாடுதான் என்ன?

இந்த நாட்டில் இந்த உரிமை இருக்கிறது, நீங்கப்போவதில்லை. அதிகாரியின் தயவில் உரிமம் கிடைத்த காலத்துக்குத் திரும்பக் கூடாது. கிங்குக்கு நடந்தது போதும். ஆனால் அதிகாரியின் விருப்பத்தை நீக்குவதும், பயிற்சியையும் தேர்வையும் நீக்குவதும் ஒன்றல்ல. முதலாவது நியாயம். இரண்டாவதை 29 மாநிலங்கள் செய்திருப்பது பெரும் தவறு என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் ஒரே விதி, கட்டுப்படியாகும் கட்டணம், உறையிலிருந்து எடுப்பதையும் எடுக்காமல் விலகுவதையும் சேர்த்துக் கற்பிக்கும் உண்மையான பயிற்சி, வீட்டில் பூட்டிவைக்கும் கட்டாயம்: இவற்றைக் கேட்பது உரிமையைப் பறிப்பதாகாது. ஹெல்லர் தீர்ப்பும் புரூயன் தீர்ப்பும் இவற்றுக்கு இடம் விட்டிருக்கின்றன.

குழந்தையை நண்பர் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கலாமா? தவறாக நினைப்பார்களே?

கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு, நாய் என்றால் பயம் என்று சொல்லும் அதே பேச்சில் சேர்த்துக் கேட்டுவிடலாம்: "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா?" பொறுப்பாக வைத்திருப்பவர்கள் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பெட்டியைக் காட்டவே முன்வருவார்கள். கோபப்பட்டால் குழந்தைகள் உங்கள் வீட்டில் விளையாடட்டும்.

விடுமுறைக்குச் சென்னை போகிறேன். கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு. அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 2024இல் மட்டும் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை குண்டு நிரப்பியவை. பையில் இருந்ததே மறந்துவிட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர். உள்ளூர் காவல்துறை கைதும் செய்யலாம். உள்நாட்டுப் பயணத்தில் குண்டு நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள் வைத்து, கவுன்டரில் சொல்லிவிட்டுச் சரக்குப் பையில்தான் அனுப்ப வேண்டும்.

இந்தியா போகும்போது துப்பாக்கியை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். ஆபத்து தோட்டாவில் இருக்கிறது. சுடும் களத்துக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே ஊருக்கும் எடுத்துப் போகிறார்கள். பக்கவாட்டுப் பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருக்கும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாத தோட்டாவும் குற்றம். விமான நிலையத்தில் அது பிடிபட்டு வழக்கில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். களத்துக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் பையின் ஒவ்வொரு அறையையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்த பிறகு துணிகளை அடுக்குங்கள்.